குறட்டைக்குச் சாட்சி யார்?

எங்க வீட்டுல அப்பாவோட குறட்டை ஒரு குடும்பச் சொத்து மாதிரி. மதுரையில இருந்தப்போ வெயில் காலத்துல மொட்டை மாடியில வரிசையா பாய் விரிச்சுப் படுப்போம். அப்பா பக்கத்துல யார் படுக்கறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடாத குறைதான். ஊர்லேர்ந்து மாமா வந்தா, "அத்தான் லாரியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு"ம்பார். எல்லாரும் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க. "சத்தம் வந்தாப் பரவாயில்லடா, நடுவுல நிக்குது பாரு, அதான் பயமா இருக்கு"ம்பாங்க. அதுக்கும் சிரிப்போம்.

ஒரு தடவை டாக்டர்கிட்டயே அம்மா கேட்டுட்டாங்க. "குறட்டைக்கெல்லாம் மருந்து கிடையாதும்மா, நீங்க காதுல பஞ்சு வச்சுக்குங்க"ன்னு அனுப்பி வச்சுட்டார். அதோட அந்த விஷயம் மூடிடுச்சு.

பல வருஷம் கழிச்சு அப்பாவுக்கு குடலிறக்க ஆபரேஷன். முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒரு தாளோட வந்தாங்க. சின்ன வயசுப் பொண்ணு. "ஐயா, சத்தமா குறட்டை விடுவீங்களா?"ன்னு கேட்டாங்க. அப்பா கொஞ்சமும் கூசாம, "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா"ன்னுட்டார். பகல்ல அசதியா இருக்குமா? இல்லை. தூக்கத்துல மூச்சு நிக்கிறதை யாராவது பார்த்திருக்காங்களா? இல்லவே இல்லை.

அம்மா எழுந்துட்டாங்க. "அவரைக் கேட்டா எப்படிம்மா தெரியும்? அவர்தான் தூங்கறாரே! என்னைக் கேளுங்க. மூச்சு நின்னா நான் எண்ண ஆரம்பிச்சுடுவேன். இருபது வரைக்கும் எண்ணியிருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. அப்புறம் தையல்காரர் மாதிரி ஒரு டேப்பை எடுத்து அப்பா கழுத்தை அளந்தாங்க. 42 செ.மீ. மொத்தம் எட்டுக் கேள்வி. அப்பாவுக்கு ஏழு மார்க். "பாஸாம்மா?"ன்னு கேட்டார் மனுஷன்!

அந்த எட்டுக் கேள்வி எங்கேர்ந்து வந்ததுன்னு தேடப் போய் மாட்டினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். தூங்கிடாதீங்க மக்களே.

முதல்ல விஷயம் என்னன்னு சுருக்கமா பார்த்துடுவோம். தூங்கும்போது தொண்டையைச் சுத்தி இருக்கிற தசைகள் தளரும். எல்லாருக்கும்தான். சிலருக்கு வழி ஏற்கனவே குறுகலா இருந்தா அது மூடியே போயிடும். நெஞ்சு மூச்சு இழுக்கப் போராடும், காத்து உள்ளே போகாது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப் போய் ஆளை அரை விழிப்புக்குக் கொண்டு வரும். ஒரு பெரிய உறுமலோட வழி திறக்கும். ஆள் மறுபடி தூக்கத்துக்குப் போயிடுவார். காலையில ஒண்ணுமே நினைவிருக்காது. பத்து வினாடி அல்லது அதுக்கு மேல மூச்சு நின்னா ஒரு கணக்கு. மூச்சு பாதியா குறையறதையும் சேர்த்து, மணிக்கு இப்படி எத்தனை தடவைன்னு எண்ணுவாங்க. 5க்குக் கீழே இருந்தா சரி. 15ஐத் தொட்டா மிதமான நோய், 30ஐத் தொட்டா தீவிரம். பெயர் 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா'.

இதுல உள்ள வில்லங்கம் என்னன்னா, நோயாளிதான் இந்த உலகத்திலேயே மோசமான சாட்சி. குற்றம் நடக்கும்போது அவர் தூங்கிட்டு இருக்கார். இந்த நோயைக் கண்டுபிடிச்ச கதை முழுக்கவே சரியான சாட்சியைத் தேடின கதைதான்.

நமக்குக் கும்பகர்ணன் மாதிரி, இங்கிலீஷ்காரனுக்கு ஜோ. 1836-37ல தொடரா வந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவல்ல சார்லஸ் டிக்கன்ஸ் உருவாக்கின குண்டுப் பையன். வார்டில் என்பவர் வீட்டு வேலைக்காரன். சாப்பாடு பரிமாறும்போதே குறட்டை விடுவான், கதவைத் தட்டிட்டு நின்ன வாக்கிலேயே தூங்குவான். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, மொட்டை மாடியில நாங்க சிரிச்ச மாதிரியே.

சிரிக்காம காது கொடுத்துக் கேட்டவர் வில்லியம் பிராட்பென்ட் என்ற லண்டன் டாக்டர். 1877லயே எழுதிட்டார். வயசானவங்க மல்லாந்து படுத்துக் குறட்டை விடும்போது, திடீர்னு தொண்டைத் தடையைத் தாண்டி மூச்சு உள்ளே போக முடியாம ரெண்டு மூணு மூச்சு நேரத்துக்கு அமைதியாயிடும், அப்புறம் பெருஞ்சத்தத்தோட மூச்சு திரும்பும்னு. அப்படியே எங்க அம்மா சொன்னது! ஆனா பக்கவாதம் வந்தவங்களோட மூச்சைப் பத்தின கட்டுரையில போற போக்குல சொன்ன விஷயம் அது. யாரும் பிடிச்சுக்கலை.

அடுத்து 1956. அமெரிக்காவுல பாஸ்டன் நகரம். சிட்னி பர்வெல் என்ற டாக்டரும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினாங்க. நோயாளி நல்ல பருமனான கம்பெனி அதிகாரி. வாராவாரம் போக்கர் ஆடுவார். ஒரு நாள் கையில மூணு ஏஸ், ரெண்டு ராஜா. அந்த ஆட்டத்துல அது சும்மா இல்லை, பானையே கவிழ்ந்து மடியில விழற சீட்டு. மனுஷன் அதை வச்சுக்கிட்டு தூங்கிட்டார்! இதுக்கு மேல விட்டா சரிப்படாதுன்னு ஆஸ்பத்திரியில சேர்ந்தார்.

டாக்டர்கள் அவரை அக்குவேறு ஆணிவேறா ஆராய்ஞ்சாங்க. கொழுப்பு அழுத்தறதால நுரையீரல் சரியா விரியலை, கரியமில வாயு தேங்குது, அதனாலதான் தூக்கம் என்பது முடிவு. நோய்க்கு டிக்கன்ஸ் நாவலை வச்சு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'னு பேரும் வச்சாங்க. (பாவம் பிக்விக், அவர் நல்லா முழிச்சிட்டுதான் இருப்பார். தூங்கினது ஜோ!) கரியமில வாயு தேங்கினது உண்மைதான், பருமனானவங்கள்ல ஒரு பகுதிக்கு அது இன்னிக்கும் தனி நோய். ஆனா சோதனையெல்லாம் முழிச்சிருக்கிற ஆளை வச்சுத்தான். ராத்திரி மூச்சு நிக்குதான்னு அந்த ஆராய்ச்சியில யாரும் பார்க்கலை.

பெயரால இன்னொரு தொல்லையும் வந்தது. தூங்கி வழியறவன்னா குண்டா இருக்கணும் என்ற எண்ணம் ஆழமா விழுந்துடுச்சு. ஒல்லியா இருக்கிறவங்க வலையிலேர்ந்து நழுவிட்டாங்க.

இதுக்கு நடுவுல 1953ல சிகாகோவுல அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் கண்கள் உருளற தூக்கத்தைக் கண்டுபிடிச்சிருந்தாங்க. தூக்கம்னா வெறும் சுவிட்ச் ஆஃப் இல்லை, உள்ளே என்னென்னவோ நடக்குதுன்னு தெரிஞ்சதும், தூங்கற ஆளை ராத்திரி பூரா கண்காணிக்கிற பழக்கம் வந்தது. 1965ல பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல காஸ்தோவும் சகாக்களும், ஜெர்மனியில ஃப்ரைபுர்க்ல யுங், கூலோ ரெண்டு பேரும், தனித்தனியா, பிக்விக்கியன் நோயாளிகளைத் தூங்க வச்சு மூளை அலைகளையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு பண்ணினாங்க. சுருள் சுருளா ஓடின காகிதத்துல விஷயம் பட்டவர்த்தனமா தெரிஞ்சது. மூச்சு நிக்குது, ஆள் விழிக்கிறார், மூச்சு வருது, தூங்கறார், மறுபடி நிக்குது. பகல் தூக்கத்துக்குக் காரணம் ராத்திரி தூங்காததுதான்! பிராட்பென்ட் சொல்லி 88 வருஷம் கழிச்சு.

கண்டுபிடிச்சாச்சு, வைத்தியம்? 1969ல ஜெர்மன்காரங்க வழி காட்டினாங்க. தொண்டைக்குழிக்குக் கீழே கழுத்துல ஓட்டை போட்டுட்டா அடைப்பைத் தாண்டி மூச்சு போகும். பிரமாதமா வேலை செஞ்சது. ஆனா குறட்டைக்காகக் கழுத்துல ஓட்டையா? சாகக் கிடக்கிறவங்க மட்டும்தான் ஒத்துப்பாங்க.

ஸ்கிரீனிங் என்ற வார்த்தையோட அர்த்தம் இங்கேதான் முக்கியம். ஸ்கிரீனிங்னா சல்லடை. நோய் இருக்குன்னு தெரியாத கூட்டத்தைச் சலிச்சு, சந்தேகப்படறவங்களை மட்டும் மேல் சோதனைக்கு அனுப்பறது. 1968ல வில்சன், யுங்னர் ரெண்டு பேரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக இதுக்கு விதிமுறை எழுதினாங்க. அதுல ஒண்ணு, கண்டுபிடிச்சா கொடுக்க ஏற்கத்தக்க வைத்தியம் கையில இருக்கணும். இல்லைன்னா சலிச்சு என்ன பிரயோஜனம், பயமுறுத்தறதைத் தவிர? கழுத்து ஓட்டைதான் ஒரே வழின்னு இருந்தவரைக்கும் யாரும் சல்லடையைக் கையில எடுக்கலை.

1970கள்ல கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல கிறிஸ்தியான் கில்லமினோ என்ற பிரெஞ்சு டாக்டர், பருமன் இல்லாதவங்களுக்கும் குழந்தைகளுக்கும் கூட இது வருதுன்னு காட்டி, எத்தனை தடவை நின்னா நோய்னு ஒரு எல்லையும் வகுத்தார். அப்புறம்தான் பெரிய திருப்பம். 1980 ஜூன்ல சிட்னியில காலின் சல்லிவன் என்ற டாக்டர், வாக்வம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வச்ச மாதிரி ஒரு ஊதியைத் தயார் பண்ணி, மூக்கு மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பினார். காத்தே உள்ளேர்ந்து முட்டுக் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வச்சது. கத்தி இல்லை, ஓட்டை இல்லை. அஞ்சு நோயாளிகளை வச்சு 1981ல 'லான்செட்'ல எழுதினார். இன்னிக்கு 'சிபேப்'னு சொல்ற மெஷினோட தாத்தா அதுதான்.

வைத்தியம் வந்தாச்சு. அப்போ எத்தனை பேருக்கு இருக்கு? அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல டெர்ரி யங் குழுவினர் 30 முதல் 60 வயசு வரைக்குமான 602 ஊழியர்களை லேப்ல ஒரு ராத்திரி தூங்க வச்சாங்க. நோயாளிகள் இல்லை, தினம் ஆபீஸ் போறவங்க. 1993ல வந்த முடிவு எல்லாரையும் உலுக்கிடுச்சு. ஆண்கள்ல 24 சதவீதம், பெண்கள்ல 9 சதவீதம் பேருக்கு மணிக்கு 5 அல்லது அதுக்கு மேல. பகல் தூக்கமும் சேர்ந்தவங்க மட்டும் ஆண்கள்ல 4, பெண்கள்ல 2 சதவீதம். ஏதோ அபூர்வ வியாதின்னு நினைச்சது தெருவுக்குத் தெரு இருக்குது!

இத்தனை பேரையும் தலை முழுக்க வயர் ஒட்டி லேப்ல படுக்க வைக்க எந்த நாட்டாலயும் முடியாது. அதனால கேள்வித்தாள்கள் வந்தன. மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில முர்ரே ஜான்ஸ் 1991ல எட்டுச் சூழ்நிலைகளைக் கொடுத்தார். டிவி பார்க்கும்போது, மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, சிக்னல்ல கார் நிக்கும்போது... தூங்கிடுவீங்களா? ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 மார்க். பத்தைத் தாண்டினா கவனிக்கணும். 1996ல பெர்லின்ல கூடின டாக்டர்கள் உருவாக்கினது 1999ல 'பெர்லின் கேள்வித்தாள்' ஆச்சு. குறட்டை, அசதி, ரத்த அழுத்தம், எடை எல்லாம் அதுல உண்டு.

எங்க அப்பாகிட்ட வந்த தாள் 2008ல டொரோண்டோவுல பிறந்தது. பெயர் 'ஸ்டாப்-பேங்'. தயாரிச்சவர் ஃப்ரான்சிஸ் சுங், அவரும் மயக்க மருந்து டாக்டர்தான். ஆபரேஷனுக்கும் தூக்க மூச்சுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், விழிக்க வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். ஆபரேஷன் நல்லா முடிஞ்சு, வார்டுல படுத்த ராத்திரி மூச்சு நின்னு போகலாம். அதனால குறட்டை, அசதி, பிறர் பார்த்த மூச்சு நிறுத்தம், பிரஷர், உடல் நிறைக் குறியீடு 35க்கு மேல், வயசு 50க்கு மேல், கழுத்து 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்று எட்டு. அஞ்சு அல்லது அதுக்கு மேலன்னா ஆபத்து அதிகம். இதே வரிசையில இன்னொரு மயக்க மருந்து டாக்டரையும் சொல்லணும். ஆந்திராவுல பிறந்து பாஸ்டன்ல வேலை பார்த்த சேஷகிரி மல்லம்பட்டி. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரியுதுன்னு பார்த்தே மூச்சுக்குழாயில டியூப் போடறது கஷ்டமா இருக்குமான்னு கணிக்கலாம்னு 1985ல எழுதினார். இன்னிக்குத் தூக்க கிளினிக்குகள்லயும் வாயைத் திறக்கச் சொன்னா, அது மல்லம்பட்டி கணக்குதான்.

அந்த எட்டுல மூணாவது கேள்வியைக் கவனிச்சீங்களா? 'பிறர் பார்த்த'! அதுக்கு நோயாளியால பதில் சொல்லவே முடியாது. சாட்சியைக் கூப்பிட்டே ஆகணும். தனியா தூங்கறவங்களுக்கு அந்த மார்க் கிடைக்காமலே போயிடும். பக்கத்துல இருக்கிறவர் ஆழ்ந்து தூங்கறவரா இருந்தாலும் அதே கதிதான். பெண்கள் நிறையப் பேர் கோட்டை விடப்படறதுக்கும் இதுல பங்கு இருக்குன்னு தோணுது. அசதின்னு சொன்னா "வீட்டு வேலை அதிகம்"னு முடிச்சுடுவாங்க. குறட்டைன்னு சொல்ல அவங்களுக்கே கூச்சம்.

நம்ம நாட்டுக் கணக்கு? மும்பையில ஜரீர் உத்வாடியா குழுவினர் 35 முதல் 65 வயசு வரைக்குமான ஆண்கள் 658 பேரைக் கேள்வி கேட்டு, 250 பேருக்கு வீட்டிலேயே சோதனை செஞ்சாங்க. 2004ல வந்த முடிவுப்படி 19.5 சதவீதம் பேருக்கு மூச்சுக் கோளாறு, பகல் தூக்கமும் சேர்த்து 7.5 சதவீதம். விஸ்கான்சின் ஆண்களோட 4 சதவீதத்தை ஞாபகம் வச்சுக்குங்க. ஆசியர்களுக்குத் தாடை, முக அமைப்பாலயும் குறைஞ்ச எடையிலேயே இது வரும்ங்கறாங்க. 35ங்கற எடைக் கணக்கை நம்பி, "நான் குண்டு இல்லையே"ன்னு இருந்துட முடியாது. 2022 பிப்ரவரியில இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தப்போ மருத்துவமனை சொன்ன காரணத்துல இந்த நோயின் பெயர் இருந்தது. அன்னிக்குத்தான் நம்மள்ல பல பேர் அந்த வார்த்தையையே முதல் தடவையா படிச்சோம்.

இதுவரைக்கும் பேசினது தூங்கறவரோட சொந்த உயிர். அவர் கையில ஆயிரம் பேர் போற ரயில் இருந்தா?

2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை. நியூயார்க்ல ஸ்பைட்டன் டைவில் என்ற இடத்துல மணிக்கு சுமார் 48 கி.மீ.ல திரும்ப வேண்டிய வளைவுல, மெட்ரோ-நார்த் ரயில் 132 கி.மீ. வேகத்துல வந்து தடம் புரண்டது. நாலு பேர் செத்துட்டாங்க. டிரைவர் குடிக்கலை, ஃபோன் பேசலை. தூங்கிட்டார். விபத்துக்கு அப்புறம் சோதிச்சா, தீவிர ஸ்லீப் ஆப்னியா. அவருக்கே தெரியாது! அதுக்கப்புறம் அந்த நிர்வாகம் தன் டிரைவர்களைச் சலிச்சுப் பார்த்ததுல 11.6 சதவீதம் பேருக்கு இருந்தது.

2016 செப்டம்பர் 29ல நியூ ஜெர்சியில ஹோபோக்கன் ஸ்டேஷன்ல ரயில் நிக்காம மோதி, பிளாட்பாரத்துல இருந்த ஒரு பெண் இறந்தாங்க. அதே நோய். இங்கே கொடுமை என்னன்னா, அந்த நிர்வாகத்துல சல்லடை ஏற்கனவே இருந்தது. ஆனா ஆபத்து அறிகுறி இருந்த டிரைவரை மேல் சோதனைக்கு அனுப்பலைன்னு விசாரணை அறிக்கை சொல்லிடுச்சு. டிரைவர்களுக்குக் கட்டாய ஸ்கிரீனிங் கொண்டு வர 2016 மார்ச்ல எடுத்த முயற்சியையும் 2017 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசு கைவிட்டுடுச்சு.

டிரைவர் பக்கமும் யோசிக்கணும். "பகல்ல தூக்கம் வருமா?"ன்னு கேட்கிறது டாக்டரா இருந்தா உண்மை வரும். வேலையைப் பறிக்கப் போற முதலாளியா இருந்தா வருமா? "இல்லைங்க"ன்னுதான் சொல்வாங்க. எங்க அப்பா வேலை போற பயம் இல்லாமலேயே பொய் சொன்னாரே! கண்டுபிடிச்சா வைத்தியம் உண்டு, சரியானதும் வண்டி திரும்பக் கிடைக்கும்னு உறுதி இருந்தாத்தான் சல்லடை வேலை செய்யும். இல்லைன்னா அது பொறி.

அப்போ ஊர்ல எல்லாரையும் சலிச்சுடலாமா? அதுவும் இல்லை. அமெரிக்காவுல தடுப்பு மருத்துவப் பரிந்துரை சொல்ற குழு, அறிகுறியே இல்லாதவங்களைச் சலிக்கப் போதுமான ஆதாரம் இல்லைன்னு 2017லயும், மறுபடி 2022லயும் சொல்லிடுச்சு. காரணம் இருக்கு. 2,700க்கும் மேற்பட்ட இதய, பக்கவாத நோயாளிகளை வச்சு நடந்த ஒரு ஆய்வு 2016ல வந்தது. சிபேப் போட்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறையலை. ஆனா அவங்க ராத்திரிக்கு சராசரியா மூணேகால் மணி நேரம்தான் மாஸ்க்கே போட்டிருந்தாங்க என்பதையும் சேர்த்துப் படிக்கணும். பகல் தூக்கமும் மனநிலையும் தேறினது அதே ஆய்வுல தெரிஞ்ச விஷயம். ஆக, நல்லா இருக்கிறவரைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். குறட்டையும் அசதியும் பிரஷரும் இருக்கிறவரைக் கேட்காம விடவும் வேண்டாம்.

சாட்சி தேடும் கதையில கடைசியா வந்தது கைக்கடிகாரம். 2024ல சாம்சங், ஆப்பிள் ரெண்டு கம்பெனி வாட்ச்லயும் இதுக்கான வசதிக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. ராத்திரி பூரா மணிக்கட்டுல உட்கார்ந்து கவனிச்சு, சந்தேகம் வந்தா சொல்லும். நோயை உறுதி செய்யாது, அதுக்கு சோதனைதான் வேணும். வாட்ச் ஒண்ணும் சொல்லலைன்னா நோய் இல்லைன்னும் அர்த்தம் இல்லை. ஆனா தனியா தூங்கறவங்களுக்கு ஒரு சாட்சி கிடைச்சது பெரிய விஷயம்தான்.

அப்பா கதையை முடிச்சுடறேன். சோதனையில மணிக்கு நாற்பதைத் தாண்டிடுச்சு. ஆபரேஷனை ரெண்டு வாரம் தள்ளி வச்சு, மெஷினைப் பழக்கி, ஆபரேஷன் அன்னிக்கு ராத்திரியும் அதைப் போட்டே படுக்க வச்சாங்க. நல்லபடியா வீடு வந்து சேர்ந்தார். முதல் மாசம் "யானைத் தும்பிக்கை மாட்டிட்டுத் தூங்கச் சொல்றாங்க"ன்னு ஒரே சண்டை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் டிவி சீரியலை முழுசா முழிச்சிருந்து பார்த்துட்டு, "இதையா இத்தனை வருஷமா பார்த்துட்டு இருந்தோம்?"னு கேட்டார்!

இப்போ வீட்டுல ராத்திரி சத்தமே இல்லை. ஆனா அம்மா மட்டும் இன்னமும் நடுராத்திரி முழிச்சுக்கறாங்க. "சத்தம் வரலைன்னா பயமா இருக்குடா"ன்னு எழுந்து, அப்பா நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துட்டுத்தான் படுக்கறாங்க. அந்தம்மா எண்ணின இருபதை நாங்க முதல் நாளே காதுல வாங்கியிருந்தா எத்தனையோ வருஷம் மிச்சமாகியிருக்கும்.

உங்க வீட்டுலயும் யாராவது எண்ணிக்கிட்டு இருக்காங்களான்னு இன்னிக்குக் கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு, என்ன சொன்னாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படிச்சதையும் பட்டதையும் எழுதியிருக்கேன். எட்டுக் கேள்வியில நிறைய மார்க் வாங்கினவங்க என்கிட்ட வராம, நல்ல டாக்டர்கிட்ட போங்க. போகும்போது பக்கத்துல படுக்கிறவரையும் கூட்டிட்டுப் போங்க.